குலுக்கினால் சத்தம் வரக்கூடாது

1

இந்தக் கதை ஒரு துண்டுப் பிரசுரத்தின் ஓரத்தில் பிறந்தது. பெருமையான பிறப்பு இல்லை என்று தெரியும்.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். மாத்திரை அட்டையோடு பெட்டிக்குள் மடித்து வைக்கிறார்களே ஒரு தாள், அது எங்களிடம்தான் அதிகம் வரும். அதை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிற ஆள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெள்ளம் வடிந்து கொஞ்ச காலம் கழித்து, ‘உங்கள் வீட்டின் அவசரகாலப் பை’ என்றொரு பிரசுரம் திருத்தத்துக்கு வந்தது. குடிதண்ணீர், உலர்ந்த உணவு, டார்ச், பேட்டரி, விசில், மருந்து. விஷயம் சரி, சந்திதான் பல இடங்களில் தப்பு. கடைசி வரி இப்படி இருந்தது: ‘பை எங்கே இருக்கிறது என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.’

அந்த வரியில் பிழையே இல்லை. ஆனாலும் பென்சில் அங்கேயே நின்றுவிட்டது. ஓரத்தில் எழுதினேன்: ‘எல்லோரும் என்றால் யார்? வீட்டில் ஒருவர்தான் இருந்தால்?’

முதலாளி பார்த்துவிட்டார். “ஏம்மா, பிழையத் திருத்தச் சொன்னா பிரசுரத்தோட சண்டை போட்டு வச்சிருக்க?”

“சண்டை இல்ல சார். சந்தேகம்.”

“சந்தேகத்தை எல்லாம் வீட்ல போய் எழுதிக்கம்மா. இது மிஷினுக்குப் போகணும்.”

சொன்னதைக் கேட்டு நடக்கிற பழக்கம் எனக்கு உண்டு. வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

2

தொடக்கங்கள்.

(அ) வானம் கன்னங்கரேலென்று

அடித்துவிட்டேன். வானம் கறுக்கவே இல்லை. மழை வேறெங்கோ பெய்தது, இங்கே ஏரியைத் திறந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் அன்றைக்குத் துணி காயப்போடுகிற வெயில்.

(ஆ) நான் என் கணவரை முதன்முதலாக

இதுவும் ஆகவில்லை. ‘நான்’ என்று தொடங்கினால் இரண்டாவது வரிக்குள் எழுந்து போய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறேன். அடுப்பு இப்போது முகம் பார்க்கலாம் போலிருக்கிறது. கதைதான் நகரவில்லை.

(இ) அவள் கணவர் கண்ணாடிச் சாமான்களை பேக்கிங் செய்பவர்.

இது நிற்கிறது. ‘அவள்’ என்று எழுதினால் அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் நானும் ஒரே ஆள்தான். இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிப் பக்கத்தில் உங்களைத் திடுக்கிட வைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. திடுக்கிடல்கள் எனக்கே போதுமான அளவு கையிருப்பில் உள்ளன.

3

அவள் கணவர் கண்ணாடிச் சாமான்களை பேக்கிங் செய்பவர். ஏற்றுமதிக் கிடங்கில் வேலை. கோப்பை, விளக்குக் குடுவை, பூச்சாடி, எது வந்தாலும் தாளில் சுற்றி, வைக்கோல் அடைத்துப் பெட்டிக்குள் வைப்பார். மூடி ஒட்டியதும் பெட்டியைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்குவார். சத்தம் வரக்கூடாது. வந்தால் திரும்பப் பிரிப்பார்.

“கீழ விழறதால எதுவும் உடையறதில்ல. உள்ள இடம் இருக்கறதாலதான் உடையுது” என்பார்.*

(* இந்தக் கதையில் அங்கங்கே அடைப்புக்குறிகள் வருவதைப் பார்ப்பீர்கள். அவை வைக்கோல்.)

ஒரு நாள் கிடங்கில் தீயணைப்புக்காரர்கள் வந்து வகுப்பு எடுத்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் போய்விட்டார்கள். இவர் வீட்டுக்கு ஒரு முதுகுப்பையோடு வந்தார். தண்ணீர் பாட்டில்கள் அடியில், அதற்கு மேல் துண்டும் போர்வையும், அதற்கு மேல் பிஸ்கட், வேர்க்கடலை, பேரீச்சம்பழம், பிறகு டார்ச்சும் பேட்டரியும், எல்லாவற்றுக்கும் உச்சியில் மருந்து வைத்த தகர டப்பா. கனமானது அடியில் இருக்க வேண்டும், முதலில் தேவைப்படுவது மேலே இருக்க வேண்டும். விசில் மட்டும் பைக்கு வெளியே கயிற்றில் தொங்கியது. மூழ்குகிறவன் ஜிப்பைத் திறந்துகொண்டிருக்க மாட்டான் என்பது அவர் வாதம்.

ஒவ்வொன்றையும் டேப் போட்டு ஒட்டியிருந்தார். டேப்பின் முனையை உள்பக்கமாகக் கொஞ்சம் மடித்துவிடுவது அவர் வழக்கம். பிரிக்கிறவன் நகத்தால் சுரண்டக்கூடாதாம்.

பிறகு அவளைக் கூப்பிட்டார்.

“காதை வை.”

“எங்க?”

“பைமேல. நான் ஆட்டறேன். ஆட்டறவனுக்குத் தன் கை சத்தம்தான் கேக்கும். இன்னொரு காது வேணும்.”

வைத்தாள். ஆட்டினார்.

“கேக்குதா?”

“உங்க மூச்சுதான் கேக்குது.”

“என் மூச்சு பைக்குள்ள இல்ல. பையை மட்டும் கேளு.”

“சத்தம் இல்ல.”

அவள் வாயால் அதைச் சொன்ன பிறகுதான் பை வாசல் கதவுக்கு மேலே கொக்கியில் ஏறியது. வருஷத்துக்கு இரண்டு முறை அது இறங்கும். அதற்கு அவர்கள் வீட்டில் பை நாள் என்று பெயர். சாயங்காலம் மெயினை அணைத்துவிடுவார். குழாயைத் தொடக்கூடாது. தரையில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில், காலாவதியாகப் போகிற பிஸ்கட்டையும் கடலையையும் இரண்டு பேருமாகத் தின்று தீர்க்க வேண்டும்.

“வெள்ளத்துல சாகறதுக்கு முன்னாடி இந்தப் புழுக்கத்துல செத்துடுவோம்” என்பாள்.

“பேசாத. தொண்டை வறண்டா தண்ணி அதிகம் செலவாகும்.”

“நல்லாத்தான் குடும்பம் நடத்தறீங்க.”

“பிஸ்கட் போதுமா, என்னுதுல பாதி வேணுமா?”

இது காதல் காட்சி. அப்படித் தெரியவில்லை என்றால் எழுதியவள்மேல்தான் குற்றம்.

ஒரு தடவை அவள் பையிலிருந்து பேட்டரியை எடுத்து டிவி ரிமோட்டில் போட்டுக்கொண்டாள். அவர் வழியில் போகிறபோது பையை ஒரு தட்டுத் தட்டி, நின்று, “ரிமோட்டுக்குப் போயிருக்கு” என்றார். பிறகு அவளுக்கும் சொல்லிக்கொடுத்தார். பேட்டரி குறைந்தால் கடகட. பிஸ்கட் குறைந்தால் சரசர. டப்பாவுக்குள் குறைந்தால் டொக்.

அதற்குப் பிறகு அவள் பையைத் தொட்டதில்லை. இந்த வரி முக்கியம். அவசரமாகப் படிக்கிறவர்கள் தயவுசெய்து ஒரு தடவை திரும்பிப் போகவும்.

4

ஒரு பை நாள் முடிந்தது. எல்லாம் புதிதாக மாற்றி அடுக்கினார். காதை வைத்தாள். சத்தம் இல்ல என்றாள். பை மேலே ஏறியது.

அடுத்த வாரம், வேலை இடத்தில், சாப்பிட்டுக் கை கழுவி வந்து, கட்டி முடித்த பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

வெள்ளத்துக்கும் தீக்கும் நிலநடுக்கத்துக்கும் தயாராக இருந்த மனிதர். அன்றைக்கு வானிலையில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் நாத்தனார், அவருடைய அக்கா, ஒரே வாசகத்தைச் சொன்னார். “ஒண்ணும் தெரியாமலே போயிட்டான் என் தம்பி. வலி இல்ல, பயம் இல்ல. உக்காந்தான், போயிட்டான்.” முதலில் அது அழுகையாக வந்தது. போகப் போகத் தகவலாக மாறியது. கடைசியில் சுவர் மாதிரி ஆகிவிட்டது. நாத்தனார் அதன் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டார். மறுபக்கம் அவள் சாய்ந்துகொண்டாள். இரண்டு பேரும் இன்னும் நின்றுகொண்டிருப்பது அந்தச் சுவரால்தான்.

(இதுவரை எழுதியதை நாத்தனாரிடம் படித்துக் காட்டினேன். முடிக்கும்வரை கேட்டார்.

“பையைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்க. என் தம்பியைப் பத்தி எங்க?”

“பைதான் அண்ணி அவர்.”

“என்னமோ போ. அவன் சுருட்டை முடியையாவது ஒரு வரி எழுது.”

அவருக்குச் சுருட்டை முடி.)

5

தண்ணீர் வந்தது காலையில். பாத்ரூம் மிதியடி சமையலறைக்கு வந்து நின்றது. அவள் கொண்டு வரவில்லை.

அந்த வளாகத்தில் இரண்டே வீடுகள், இரண்டும் தரைத்தளம். நடுவில் மொட்டை மாடிக்குப் படிக்கட்டு. எதிர் வீட்டில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், அவர் மனைவி, பால்குடிக் குழந்தை. மாஸ்டர் அவள் கணவரை அண்ணன் என்பார், அவளை அக்கா என்பார். உறவு இடிக்குதே என்று கேட்டால், “மரியாதைதானே முக்கியம்” என்பார். பையைப் பற்றி அண்ணன் எடுத்த பாடங்களை வருஷக்கணக்காக வாசலில் நின்று கேட்டவர். தானும் ஒன்று தயார் செய்வதாக ஒவ்வொரு தடவையும் சொன்னவர்.

“அக்கா! எதையும் பாக்காதீங்க! மேல வாங்க!”

அவள் எதையும் பார்க்கவில்லை. தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது கையைத் தூக்கினாள், கை தானாகக் கொக்கிக்குப் போனது. பையை மாட்டிக்கொண்டு படியேறினாள்.

உச்சியில் மாடிக்கதவு பூட்டியிருந்தது. சாவி வீட்டுக்காரரிடம், வீட்டுக்காரர் வெளியூரில். ஆக, பூட்டிய கதவுக்கும் ஏறுகிற தண்ணீருக்கும் நடுவே சில படிகள், அதில் நான்கு பேர். மாஸ்டர் மனைவியிடம் குழந்தையும் பால்பவுடர் டப்பாவும் பாட்டிலும் இருந்தன. மாஸ்டர் கையில் ஒரு ஸ்டீயரிங். வண்டியில்லாத வெறும் ஸ்டீயரிங், வகுப்பில் பழகுவதற்கு வைத்திருப்பது.

“வீட்ல இவ்வளவு சாமான் இருக்க, எதை எடுத்துட்டு வந்திருக்கார் பாருங்கக்கா” என்றாள் மனைவி.

“கைக்கு அதுதான் கெடச்சது.”

“ஓட்டுங்க. அப்படியே வலதுபக்கம் திருப்பிக் கரைசேருங்க.”

மாஸ்டர் பையின் விசிலை வாங்கி ஊத ஆரம்பித்தார். வெகுநேரம் ஊதினார். யாரும் வரவில்லை, ஆனால் மனைவி பேச முடியாமல் இருந்தாள்.

6

இவ்வளவு நேரம் நான் சொல்லாமல் ஒத்திப்போட்ட ஒன்று இருக்கிறது. அவள் படியேறும்போது நடந்தது அது.

முதல் படியில் பை சத்தம் போட்டது.

டொக்.

இரண்டாவது படியிலும் போட்டது. காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது, பையின் உச்சியிலிருந்து. தகரம்.

அவள் காது வைத்துச் ‘சத்தம் இல்ல’ என்று தீர்ப்புச் சொன்ன பை அது. அதற்குப் பிறகு அவள் தொடவில்லை. வீட்டில் இருந்தது இரண்டே பேர். அடுத்த வாரம் ஒருவர். அப்படியென்றால் நடுவில் இருந்த அந்தச் சில நாட்களில் அவர் பையை இறக்கி, டப்பாவைத் திறந்து, எதையோ எடுத்திருக்கிறார். ஆட்டிப் பார்க்காமல் மாட்டியிருக்கிறார். இன்னொரு காதைக் கூப்பிடவில்லை.

டப்பாவுக்குள் என்னென்ன இருந்தன என்று அவளுக்குத் தெரியும். காய்ச்சல் மாத்திரை, நெஞ்செரிச்சல் மாத்திரை, பஞ்சு, பேண்டேஜ் சுருள்.

பேண்டேஜாக இருக்கலாம். கண்ணாடியோடு புழங்குகிறவருக்கு விரல் கிழிவது சாதாரணம். அந்த வாரம் விரலில் கட்டு இருந்ததா? ஞாபகத்தை எத்தனை தடவை குலுக்கிப் பார்த்தாலும் சத்தம் வரவில்லை.

மாத்திரையாகவும் இருக்கலாம். வீட்டு மருந்துகள் சமையலறை இழுப்பறையில் இருந்தன. அதில் ஒன்று குறைந்தாலும் அவள் கேட்பாள், ‘என்ன பண்ணுது?’ என்பாள், ‘வாங்க டாக்டர்கிட்ட’ என்பாள். நெஞ்சில் எரிச்சல் வந்து, கேள்வி வராமல் இருக்க வேண்டுமென்றால், ஒருவர் கை நீட்ட வீட்டில் ஒரே இடம்தான் உண்டு.

அந்த நெஞ்செரிச்சல் மாத்திரையின் தாளைத் திருத்தியவள் அவள்தான். அதில் ஒரு வரி: ‘வலி தோள், தாடை அல்லது இடது கைக்குப் பரவினால் இம்மாத்திரையை எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.’ கடைசி இரண்டு சொற்களைச் சேர்த்து அடித்திருந்தார்கள். பிரித்துவிட்டாள். நல்ல வேலை என்று முதலாளி

இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.

7

உச்சிப் படியில் அவள் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. குழந்தை அழ ஆரம்பித்தது. பவுடர் இருக்கிறது, பாட்டில் இருக்கிறது, கரைக்கத் தண்ணீர் இல்லை. கீழே இருந்தது சாக்கடையும் டீசலும் கலந்த தண்ணீர், மேலே எண்ணெய் வண்ணம் காட்டிக்கொண்டு.

“தாய்ப்பால்?” என்று எந்த வாசகராவது கேட்பார். அவளும் கேட்டாள். “சரியா வரலக்கா, அதனாலதான் பவுடர்” என்று மனைவி சொன்னாள். கதையில் ஓட்டை இருக்கக்கூடாது என்பதற்காக இதையும் அடைக்கிறேன்.

எல்லோரும் பையைப் பார்க்காமல் இருந்தார்கள். ஒரு பையை அவ்வளவு கவனமாகப் பார்க்காமலிருப்பது சுலபமில்லை.

கடைசியில் மாஸ்டர்தான், “அக்கா, அண்ணன் பையில தண்ணி…” என்றார்.

“இருக்கு.”

“அடியிலதானே வைப்பார்?”

“அடியில.”

அதுதான் பிரச்சினை. பைக்கு ஒரே வாய், அதுவும் மேலே. தண்ணீருக்குப் போக வேண்டுமென்றால் டப்பாவைக் கடந்துதான் போக வேண்டும். டப்பாவைப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். பேண்டேஜ் என்றால் ஒன்றுமில்லை. மாத்திரை என்றால், அவர் ஒன்றும் தெரியாமல் போகவில்லை. வலி இருந்தது, அது அவருக்குத் தெரியும், தெரிந்தும் அவளிடம் சொல்லாமல் கதவுக்கு மேலே கையை நீட்டினார். அப்புறம் நாத்தனாரின் சுவர் இல்லை.

குழந்தை அழுதது. நியாயம் அதன் பக்கம்தான் இருந்தது.

8

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று. அவள் பையைத் திறக்கவில்லை, அதற்குள் படகு வந்துவிடுகிறது. எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கக் குழந்தை அழவேண்டியிருக்கிறது. நடந்ததில் படகு சாயங்காலம்தான் வந்தது. என் வசதிக்காக அதை முன்னால் வரச்சொல்ல மனசு வரவில்லை.

இரண்டு. அவளே திறக்கிறாள், டப்பாவுக்குள் அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. நீங்கள் இதை எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும். அவர் வாழ்நாளில் எழுதியதெல்லாம் ‘இந்தப் பக்கம் மேலே’, ‘கண்ணாடி, கவனம்’ இவ்வளவுதான். அவரைக் கடிதம் எழுத வைத்தால் அது வேறு யாருடைய கணவரோ.

மூன்று.

“மாஸ்டர், நீங்களே எடுங்க” என்று பையை அவரிடம் தள்ளிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “உச்சியில ஒரு டப்பா இருக்கும். அதைத் திறக்க வேணாம். எடுத்து ஓரமா வச்சிட்டுத் தண்ணிக்குப் போங்க.”

“ஏங்க்கா, உள்ள பாம்பா?”

“சொன்னதைச் செய்ங்க.”

ஜிப் திறக்கும் சத்தம். சுவரில் சுண்ணாம்பு உரிந்து ஒரு வாத்து மாதிரி இருந்தது. அவள் வாத்தைப் பார்த்தாள்.

“அக்கா, இந்த டப்பாவுல டேப்பு சரியா ஒட்டலையே. அண்ணன் முனைய மடிச்சு விடுவாரே, இதுல மடிக்க…”

“தண்ணிய எடுங்க மாஸ்டர்.”

தூக்கியிருக்கிறார். மூடி கழன்றுவிட்டது. தகரம் படியில் விழுந்த சத்தம், எதெதுவோ சிதறின சத்தம், பொறுக்குகிற சத்தம். பொறுக்குவது நடுவில் நின்றது. நிற்பதற்குச் சத்தம் கிடையாது, ஆனால் அவளுக்குக் கேட்டது. அண்ணன் பாடங்களை ஒன்று விடாமல் கேட்டவர் மாஸ்டர். டப்பாவில் என்ன இருக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியும்.

பிறகு மெதுவாக, “ஒண்ணும் இல்லக்கா” என்றார்.

நான் எதுவும் கேட்கவில்லை.

(திருத்தம்: ‘அவள் எதுவும் கேட்கவில்லை’ என்று இருக்க வேண்டும். பிழை திருத்துகிறவளின் கதையில் ஒரு பிழை இருந்துவிட்டுப் போகட்டும்.)

தண்ணீர் வெளியே வந்தது. பால் கரைந்தது. அழுகை பாதியில் நின்று உறிஞ்சுகிற சத்தமாக மாறியது. எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். பேரீச்சம்பழத்தை மாஸ்டர் மனைவி பங்கு போட்டாள், ஸ்டீயரிங்கைத் தட்டாக வைத்து.

“டப்பாவைத் திரும்ப வைக்கறேன்கா. ஆனா உள்ள கொஞ்சம் இடம் இருக்கு, ஆடும். என்ன அடைக்கட்டும்?”

அவள் திரும்பிப் பார்க்காமலே கைக்குட்டையைப் பின்பக்கமாக நீட்டினாள். வாங்கிக்கொண்டார். மூடி, டேப் ஒட்டினார். சிறிது யோசித்து, முனையை மடித்துவிட்டார் என்று பிறகு மனைவி சொன்னாள்.

9

இப்போது மாஸ்டர் என்னை வாசலில் பார்த்தால் வண்டியின் வேகத்தைக் குறைக்கிறார். “அக்கா…” என்று ஆரம்பிக்கிறார். “என்ன மாஸ்டர், இன்னைக்கு யார் மோதினாங்க?” என்று கேட்டுவிடுவேன். அவர் அந்தப் பேச்சின் வழியாகவே திரும்பிப் போய்விடுவார். நல்ல டிரைவர்.

போன வாரம் நாத்தனார் வந்தார். பை நாள் நெருங்கிவிட்டது, தம்பி கை வைத்த சாமான் வீணாகக்கூடாது என்றார். மெயினை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். மிச்சமிருந்த பிஸ்கட்டைத் தின்றோம். நமுத்துப்போயிருந்தது.

“இதையா வருஷாவருஷம் தின்னீங்க?”

“வருஷத்துக்கு ரெண்டு தடவை அண்ணி.”

“பாவம் நீ” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஒண்ணும் தெரியாமலே போயிட்டான் இல்ல?” என்றார். முதல்தடவையாக அதைக் கேள்வியாகக் கேட்டார். டார்ச் வெளிச்சம் அவர் முகத்தில் இல்லை, தட்டில் இருந்தது.

“ஆமா அண்ணி.”

தண்ணீர், பிஸ்கட், கடலை, பேட்டரி எல்லாவற்றையும் மாற்றினேன். மருந்தையும் மாற்ற வேண்டும் என்கிறது பிரசுரம். நானே திருத்திய பிரசுரம். புது மருந்துகளை வேறொரு டப்பாவில் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். பழைய டப்பா அப்படியே உச்சியில் இருக்கிறது, மாஸ்டர் ஒட்டிய டேப்போடு.

எனவே முடிவு என்னிடம் இல்லை. எதிர் வீட்டில் இருக்கிறது. வேண்டுமானால் போய்க் கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு கிடையாது. தெரிந்துகொண்டு நேரே தெருவுக்கு இறங்கிப் போய்விடுங்கள். என் வாசலில் நிற்க வேண்டாம்.

அல்லது போவதற்கு முன் ஓர் உதவி செய்யலாம். பையை இன்னும் மேலே மாட்டவில்லை. ஆட்டுகிறவளுக்குத் தன் கை சத்தம்தான் கேட்கும், இன்னொரு காது வேண்டும். நாத்தனாரைக் கூப்பிட முடியாது. மாஸ்டரைக் கூப்பிட்டால், “அக்கா…” என்பார்.

வாருங்கள். காதை வையுங்கள். என் மூச்சைக் கேட்க வேண்டாம், பையை மட்டும் கேளுங்கள்.

ஆட்டுகிறேன்.

என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.